இரண்டாம் பக்கத்தில் உச்-புலாக்

சாரி-பெல்
ஜூன் 9

கனிபெக் அண்ணனுக்கு,

உச்-புலாக் மேய்ச்சல் நிலத்தை மாமாவிடமிருந்து பிடுங்கியது நீங்கள்தான். ஊரில் எசென்குல்லைச் சொல்கிறார்கள், காவலரைச் சொல்கிறார்கள், என்னையும் சொல்கிறார்கள். நான் உங்களைச் சொல்கிறேன். கணினியில் தட்டச்சு செய்ய ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தீர்கள், அதை வைத்தே பிடுங்கிவிட்டீர்கள்.

காகிதத்தில் எழுதி ஷாமில் அண்ணனின் வேனில் கொடுத்தனுப்புகிறேன். போனில் எதையும் எழுதாதே, அலுவலகத்தில் வாங்கிப் பார்க்கிறார்கள் என்று சொன்னவர் நீங்கள். எனக்கும் காகிதம் பரவாயில்லை. இதில் எழுதிய வரி எழுதிய இடத்திலேயே நிற்கும்.

மாமா மே கடைசியில் வழக்கம்போல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு உச்-புலாக்குக்கு ஏறினார். இந்த வருட மேய்ச்சல் சீட்டு மாமியின் பெட்டியில் மடித்துக் கிடந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. இங்கே யார் படிக்கிறார்கள்? எந்தப் புல் யாருடையது என்று ஆட்டுக்கே தெரியும். சில நாள் கழித்து எசென்குல்லின் ஆட்கள் லாரியில் கூடாரத்தைக் கொண்டுவந்து ஊற்றுக்கு மேல்பக்கம் இறக்கினார்கள். வேறெங்கோ போகிறவர்கள், இரண்டொரு நாள் தங்குவார்கள் என்று மாமி நினைத்தாள். புதிதாகக் கூடாரம் போட்டவருக்கு முதல் சாப்பாடு பக்கத்துக் கூடாரத்திலிருந்துதானே போக வேண்டும். மாவுத் துண்டுகளைப் போர்சோக்காகப் பொரித்து, பாலேடு எடுத்து, ஒரு குடம் புளித்த குதிரைப்பால் குமிஸோடு போனாள். எசென்குல் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கை துடைத்தார். இரண்டு கையாலும் முகத்தைத் தடவி ஆசி சொன்னார். அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார்.

"நானா ஆசைப்பட்டு வந்தேன் அண்ணி? அரசாங்கம் இங்க போன்னு எழுதியிருக்கு, வந்துட்டேன். அண்ணன் சீட்டையும் எடுத்துப் பாருங்க. தாஷ்-கொரோன்னு போட்டிருக்கும்."

போட்டிருந்தது.

நீங்கள் எங்கள் கிராம அலுவலகக் கணினிகளில் ஏற்றச் சொன்ன தெப்தெர் செயலியில்தான் உங்கள் துறை அனுப்பிய பட்டியலைத் திறந்து சீட்டுகளை அச்சடித்தேன். முதல் பக்கம் சரி. இரண்டாம் பக்கத்திலிருந்து மேய்ச்சல் நிலத்தின் பெயர்கள் மட்டும் ஒரு குடும்பம் தள்ளிக் கீழே இறங்கிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனக்கு மேலே இருப்பவரின் நிலம் வந்திருக்கிறது. மாமாவுக்கு மேலே ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன ஒருவரின் பெயர். அவருக்குச் சும்மா எழுதி வைத்த கல்லுக்காடுதான் தாஷ்-கொரோ. மாமாவுக்குக் கீழே எசென்குல். ஊரில் பாதிப் பேருக்குச் சீட்டு தப்பு. அந்தப் பாதிப் பேரும் சீட்டை மடித்து வைத்துவிட்டுத் தங்கள் இடத்துக்கே போய்விட்டார்கள். எசென்குல் ஒருவர்தான் சட்டத்தை மதித்தார். அவருடைய பழைய மேய்ச்சல் கீழே இருந்த கைம்பெண்ணுக்கு வந்திருக்கிறது. அவள் அந்தப் பக்கம் தலைகாட்டுவாளா? அவருக்கு இப்போது இரண்டு.

காவலர் ஏறி வந்தார். இரண்டு சீட்டையும் வெயிலில் தூக்கிப் பார்த்தார். முத்திரை அசல், கையெழுத்து அசல், நான் என்ன பண்ண என்றார். மாமா அன்றைக்கே கூடாரத்தைப் பிரித்தார்.

இனி உங்கள் பங்கு. பட்டியலைத் திறந்த அன்றே எனக்கு உறுத்தியது. உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் மேலாளர் வீட்டுக் கல்யாணம், பின்னால் பாட்டுச் சத்தம். மாமா பெயருக்கு நேராகத் தாஷ்-கொரோ இருக்கிறது என்று கத்திச் சொன்னேன். நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "மேலருந்து வந்தது சரியாத்தான் இருக்கும். நீ முத்திரையைக் குத்து. ஒரு எழுத்தை மாத்தினாலும் உன் வேலை போயிடும்."

குத்தினேன்.

மாமாவுக்கு உச்-புலாக் திரும்ப வேண்டும். எப்படி என்று எழுதுங்கள்.

துமார்


பிஷ்கெக்
ஜூன் 14

தங்கச்சி துமாருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிட்டேன். இதையும் நீ கிழித்துவிடு. இனிமேல் ஷாமில் அண்ணனிடம் உறையை ஒட்டிக் கொடு. மனுஷர் வண்டியை நிறுத்தியதும் முதல் கேள்வியே, "மாமாவோட மலையைத் தூக்கிக் குடுத்துட்டியாமே?" ஊரே இப்படித்தான் பேசுகிறதா, அல்லது நீ பேச வைக்கிறாயா?

நடந்ததைத் தெரிந்துகொள், பிறகு திட்டு. இரண்டு வருடத்துக்கு முன் உரிமம் இல்லாத விண்டோஸ் என்று ஒரு சோதனை வந்தது. எல்லாக் கிராம அலுவலகமும் மாட்டியது. லினக்ஸ் போட்டுவிடலாம், இலவசம், பழைய கணினியிலும் ஓடும் என்று முடிவானது. கைதட்டினார்கள். கிராமத்துக்குத்தான் லினக்ஸ்; தலைநகரில் எங்கள் மேசையில் விண்டோஸ் அப்படியே இருக்கும். கைதட்டி முடித்த பிறகு ஒருவர் கேட்டார், அதில் கடிதம் எதில் அடிப்பார்கள் என்று. யாரும் அதை யோசிக்கவில்லை. மூன்று பேர் குழு போட்டார்கள். வயதில் சின்னவன் நான், அதனால் வேலை என்னுடையது.

நான் காலெம் செயலியைத்தான் சொன்னேன். நீ நம்ப மாட்டாய். விடுதியில் நீயும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் கிர்கிஸில் மாற்றிய அதே காலெம். எழுதுவதற்கு வசதியாக இருக்கிறது, நீளமான அட்டவணை தாங்குகிறது, யாருக்கும் கட்டணம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இலவசமா? நாளைக்கு உடைஞ்சா யார் சட்டையைப் பிடிக்கிறது கனிபெக்? இதுக்கு அப்பன் யாரு, ஆத்தா யாரு?"

அவர் தெப்தெரைக் காட்டினார். தெப்தெருக்கு நிறுவனம் இருக்கிறது, இயக்குநர் இருக்கிறார், ஒப்பந்தத்தில் முத்திரை இருக்கிறது. பார்ப்பதற்கும் விண்டோஸில் இருப்பது போலவே இருக்கும், கிராமத்து ஆட்கள் மிரள மாட்டார்கள். ஒரு சுற்றறிக்கையை அதில் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன். ஒரு பக்கம். அழகாக நின்றது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நீயாக இருந்தால் அந்த அறையில் என்ன செய்திருப்பாய்? எழுந்து வெளியே போயிருப்பாயா? போய் எங்கே உட்கார்ந்திருப்பாய்?

இன்னொன்று. நேற்று அந்தப் பட்டியலை என் விண்டோஸ் கணினியில் திறந்து பார்த்தேன். ஜாபார் மாமாவுக்கு நேராக உச்-புலாக்தான் இருக்கிறது. இங்கே எல்லோர் திரையிலும் அப்படித்தான். அப்படியானால் எங்கே மாறியது என்று கேட்டால், உன் மேசையில் என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்வார்கள்.

அந்தப் போனைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. என்னைப் பிரிவுத் தலைவராக உறுதிப்படுத்தும் தாள் மேலே போயிருக்கிறது. அய்சுலுவுக்கு இது எட்டாம் மாதம். மாமா எனக்கும் மாமாதான். என்னைப் படிக்க அனுப்பியவர். பார்க்கிறேன்.

கனிபெக்


சாரி-பெல்
ஜூன் 20

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எழுந்து போயிருக்க வேண்டாம். இரண்டு பக்கமுள்ள ஒரு கோப்பைத் திறந்து காட்டியிருக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் மாதிரி வேண்டும் என்று கேட்டீர்கள், நான் எங்கள் மேய்ச்சல் பட்டியலை அனுப்பினேன். குடும்பப் பெயர் ஒரு கட்டத்தில், அதற்கு நேரே வசந்த மேய்ச்சல் ஒரு வரி, கோடை மேய்ச்சல் ஒரு வரி. இரண்டு வரிக்குப் பொதுவான அந்த ஒரு கட்டம் பக்கம் மாறும் இடத்தில் பிளந்துகொள்கிறது. அங்கிருந்துதான் எல்லாம் சரிகிறது. அதைத் திறந்திருந்தால் அன்றைக்கே அந்த அறையிலேயே சரிந்திருக்கும். நீளமாக இருக்கிறது என்று ஒதுக்கினீர்களா?

அலுவலகத்தில் ஒரு பழைய கணினியை நான் தொடவில்லை. அதில் காலெம் இன்னும் இருக்கிறது. போன திங்கள் இரண்டு கணினியையும் ஒரே மேசையில் வைத்து, நீங்கள் அனுப்பிய அதே கோப்பை இதிலும் அதிலும் திறந்தேன். கிராமத் தலைவரைக் கூப்பிட்டேன். காலெமில் ஜாபார், உச்-புலாக். தெப்தெரில் ஜாபார், தாஷ்-கொரோ. தலைவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, முடிந்தது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் கேட்டது இது: "இந்தக் கணினியில எதுக்கும்மா இது இன்னும் இருக்கு? அனுமதிச்ச பட்டியல்ல இல்லாததாச்சே?"

உங்கள் துறைக்குத் தகவல் அனுப்பினார். பதில் வந்துவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை நீங்களே எழுதியிருப்பீர்கள். அனுமதி இல்லாத செயலியில் அரசுக் கோப்பைத் திறந்தது விதிமீறல். விதிமீறலால் கிடைத்ததைச் சான்றாக ஏற்க இயலாது. உண்மை தெரிகிற கணினியில் பார்க்கக் கூடாது; பொய் தெரிகிற கணினியில் பார்த்தால் நான் தப்பாக அடித்தேன் என்று அர்த்தம்.

உடைந்தால் சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதானே அதை வாங்கினீர்கள்? இயக்குநரின் சட்டையை யாராவது பிடித்தீர்களா? எல்லோருடைய கையும் என் கழுத்தில் அல்லவா இருக்கிறது.

ஊரில் இப்போது எது தொலைந்தாலும் "ரெண்டாம் பக்கத்துல தேடு" என்கிறார்கள். கடையில் ஒருவன் இன்னொருவனிடம், "பொண்டாட்டி எங்கடா, அடுத்த வரிக்காரன் வீட்டுக்குப் போயிட்டாளா?" என்கிறான். நான் உள்ளே போனதும் அடக்கிக்கொண்டார்கள். அடக்கியதுதான் எரிந்தது.

தாஷ்-கொரோவில் ஊற்று இல்லை. காலையில் ஆடுகளை ஆற்றுக்கு இறக்கி, வெயில் ஏறிய பின் மறுபடி மேலே ஓட்ட வேண்டும். அப்படி ஏறி இறங்கினால் குட்டி தேறுமா? மாமாவுக்குக் கால் வலி. அவர் ஒரு புகார் எழுதித் துறைக்கு அனுப்பியிருக்கிறார். எழுதியது நான், கையெழுத்து அவர். அது உங்கள் மேசைக்கு வந்ததா?

துமார்


பிஷ்கெக்
ஜூலை 2

துமாருக்கு,

வந்தது. இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி.

இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, தெப்தெர் அட்டவணையைக் கெடுக்கிறது என்று துறை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் அதை வைத்து அச்சடித்த எல்லாக் கிராமத்துச் சீட்டும் செல்லாது. கோடை நடுவில் அத்தனை மந்தையையும் கீழே இறக்கச் சொல்வதா? அமைச்சர் வரைக்கும் போகும். யாரும் செய்ய மாட்டார்கள். நீ தலைகீழாக நின்றாலும் செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது, தவறு ஒரு கிராமத்தில் ஒரு மேசையில் நடந்தது என்று ஆக வேண்டும். அப்போது அந்த ஒரு கிராமத்துச் சீட்டை மட்டும் ரத்துசெய்து புதிதாகக் கொடுக்கலாம். விதியில் இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். அதற்கு உன்னிடமிருந்து ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். "பட்டியலை அச்சிடும்போது என் கவனக்குறைவால் வரிகள் மாறிவிட்டன" என்று. வேறொன்றும் வேண்டாம். இங்கே எல்லாமே அப்படித்தான் முடிகிறது, உனக்குத் தெரியும். ஏதாவது நடந்தால் யாராவது ஒருவர் விளக்கக் கடிதம் எழுதுவார், கோப்பை மூடுவார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

உன்னை நீக்க மாட்டார்கள். கண்டனம் ஒன்று பதிவாகும். அந்த மலையில் லினக்ஸ் தெரிந்த ஆளை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

நீ எழுதினால் அடுத்த வசந்தத்தில் மாமா உச்-புலாக்கில் இருப்பார். நான் வாக்குக் கொடுக்கிறேன். நீ எழுதாவிட்டால் நீ சரி, நீ நேர்மை, மாமா கல்லுக்காட்டில்.

உண்மையைச் சொல்லிச் சொல்லி அவருக்கு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாயா, சொல்.

கனிபெக்


சாரி-பெல்
ஜூலை 11

அண்ணனுக்கு,

விளக்கக் கடிதம் இந்த உறையில் இருக்கிறது. நீங்கள் சொன்ன வாக்கியத்தையே எழுதியிருக்கிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது, மை அங்கே கனத்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

தெப்தெரில் அடிக்கவில்லை. கையால்தான் எழுதினேன்.

போன வாரம் தாஷ்-கொரோவுக்குப் போயிருந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் தேநீர் போடச் சொன்னார். மாமி வாளியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் எனக்கு வேண்டாம், வழியில் குடித்தேன் என்றேன். இதற்காகத்தான் எழுதித் தருகிறேன். உங்கள் தர்க்கத்துக்காக இல்லை, உங்கள் தாள் மேலே போவதற்காகவும் இல்லை.

என் நிபந்தனை ஒன்றே. மாமாவின் புகார் கோப்பில் இருக்க வேண்டும். புகார் இருந்தால்தான் என் கடிதத்தை வைத்துச் சீட்டை மாற்ற முடியும் என்று மாவட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்பவர் இருந்தால்தான் கொடுப்பார்கள். அதைத் தொடாதீர்கள்.

துமார்


பிஷ்கெக்
ஜூலை 19

துமாருக்கு,

கிடைத்தது. நன்றி. நல்ல முடிவு எடுத்தாய்.

நேற்று அய்சுலுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமாவுக்கும் மாமிக்கும் சொல்.

கனிபெக்


சாரி-பெல்
செப்டம்பர் 5

கனிபெக்குக்கு,

சீட்டுத் திருத்தம் என்ன ஆனது என்று கேட்க மாவட்ட அலுவலகம் போனேன். மேசையில் இருந்தவள் கோப்பைத் திறந்தாள். என் விளக்கக் கடிதம் இருந்தது. என் கண்டனம் இருந்தது, கடும் கண்டனம். தெப்தெர் நிறுவனத்திடமிருந்து, தங்கள் செயலியில் குறையில்லை என்று உறுதியானதற்கு நன்றி சொல்லும் தாள் ஒன்று இருந்தது, அதற்கு அடியில் என் கடிதத்தின் நகல். மாமாவின் புகார் இல்லை.

"புகார்தாரர் வாபஸ் வாங்கிட்டார், அப்புறம் யாருக்கு மாத்திக் குடுக்கறது?" என்றாள். ஆகஸ்ட்டிலேயே முடிந்துவிட்டதாம்.

நான் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. மலைக்குப் போனேன். மாமா ஆற்றங்கரையில் ஆடுகளோடு இருந்தார். கேட்டேன். அவர் சவுக்கைக் கையில் சுற்றிக்கொண்டே, நீங்கள் ஒரு சனிக்கிழமை காரில் வந்ததாகவும், குழந்தையின் படத்தைப் போனில் காட்டியதாகவும், குமிஸ் இரண்டு கிண்ணம் குடித்ததாகவும் சொன்னார். போகும்போது ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டீர்களாம். நான் அன்றைக்குக் கூட்டத்துக்காக மாவட்டத்தில் இருந்தேன். என்னை எந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள் என்று உங்கள் அலுவலகத்துக்குத்தானே தெரியும்.

"எதுக்கு மாமா போட்டீங்க?" என்றேன்.

"அக்கா பையன் வாய் திறந்து கேட்டுட்டான். என்ன பண்றது."

அக்கா பிள்ளை கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்ல மாட்டார். நாம் சின்னவர்களாக இருந்தபோது நீங்கள் அந்த வெள்ளைக் குதிரைக்குட்டியைக் கேட்டீர்கள், அதன் தாய் கத்தக் கத்தக் கயிற்றை அவிழ்த்து உங்கள் கையில் கொடுத்தார். இப்போது உங்களுக்குப் புல் வேண்டியிருந்தது, தண்ணீர் வேண்டியிருந்தது, அவருடைய வாய் மூடியிருக்க வேண்டியிருந்தது. எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று தெரிந்து வந்தீர்கள். நகரத்தில் இருப்பவர்களுக்கு நம் வழக்கமெல்லாம் மறந்துபோகும் என்கிறார்கள். உங்களுக்கு எது எப்போது உதவும் என்று நன்றாக நினைவிருக்கிறது.

நானும் அக்கா மகள்தான். நானும் கேட்டேன். மறுபடி புகார் எழுதுகிறேன், கையெழுத்துப் போடுங்கள் மாமா என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவினார்.

"முதல்ல கேட்டவனுக்குக் குடுத்தாச்சும்மா."

போகும்போது ஒரு ஆட்டுத்தொடையையும் காரில் ஏற்றினீர்களாம். மாமி சொன்னாள். குழந்தை பெற்றவளுக்குச் சூப் வைக்க என்று அவளாகத்தான் கொடுத்தாளாம். வாங்கிக்கொண்டு போனீர்களா?

பெரியம்மா மகன் என்பதால் இத்தனை நாள் பெயருக்குப் பின்னால் அண்ணன் என்று எழுதினேன். இந்தக் கடிதத்தின் தலையைப் பார்த்திருப்பீர்கள். 'நீங்கள்' என்பதும் இதோடு சரி.

துமார்


பிஷ்கெக்
செப்டம்பர் 15

துமாருக்கு,

நீ என்னை எப்படிக் கூப்பிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. உன்னை வளர்த்தவர்களைத்தான் நாலு பேர் கேட்பார்கள்.

துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு தாளை மேசையில் வைத்தார். ஒன்று என் பதவி உறுதி. இன்னொன்று மாமாவின் புகார். "உன் மாமா எழுதிக் குடுத்த புகார், உன் தங்கச்சி முத்திரை, நீ தேர்ந்தெடுத்த செயலி. இது என்னடா, குடும்ப விழாவா?" என்றார். அவர் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். தெப்தெர் ஒப்பந்தத்தில் மூன்று கையெழுத்து இருக்கிறது. மேலே இரண்டு பேர் எதையும் படிக்காமல் போட்டவர்கள். சோதித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதியது நான் ஒருவன்தான். ஒருத்தர் மாட்ட வேண்டும் என்றால் யார் மாட்டுவார் என்று நினைக்கிறாய்? உனக்குக் கண்டனம். எனக்கு வழக்கு.

நான் மாமாவிடம் எதையும் மறைக்கவில்லை. மாமா, இதில் கையெழுத்துப் போட்டால் நான் பிழைப்பேன் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடி கூடப் போடாமல் போட்டார். அவருக்கு இருக்கும் மனசில் பாதி உனக்கு இருந்தால் இப்படி எழுத மாட்டாய்.

உனக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது. காலெம் நல்லது, தெப்தெர் கெட்டது, நீ நல்லவள், நான் கெட்டவன். மலையில் உட்கார்ந்தால் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். இங்கே வந்து ஒரு வருடம் இருந்து பார்.

ஆட்டுத்தொடையை வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மாமி அழுதிருப்பாள்.

இனிமேல் எனக்கு எழுதாதே.

கனிபெக்


சாரி-பெல்
ஏப்ரல் 21

கனிபெக்,

எழுதாதே என்றாய். குளிர்காலம் முழுக்க எழுதவில்லை. இப்போது அலுவலக வேலையாக எழுதுகிறேன், அதனால் நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தாஷ்-கொரோவிலிருந்து இறங்கியபோது மாமாவின் குட்டிகள் முதுகெலும்பு தெரிய இறங்கின. பனிக்கு முன் தீவனம் வாங்க வழியில்லை. மந்தையைச் சந்தைக்கு ஓட்டினார். அந்த உடம்புக்கு யாரும் விலை கேட்கவில்லை, கடைசியில் எசென்குல் வாங்கிக்கொண்டார். பாவம் பார்த்து வாங்கியதாக ஊரில் பேச்சு. மாமிகூட அவருக்கு ஆசி சொன்னாள்.

அடுத்த வசந்தத்தில் மாமா உச்-புலாக்கில் இருப்பார் என்று வாக்குக் கொடுத்தாய். நீ சொன்னது நடக்கப் போகிறது. மே கடைசியில் அவர் உச்-புலாக்குக்கு ஏறுகிறார். எசென்குல்லின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு. மேய்ப்பராகச் சேர்ந்துவிட்டார். அந்த மலையை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் என்று எசென்குல் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். "கூடாரத்தைப் பழைய இடத்துலயே போட்டுக்கங்க அண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாராம். மாமா இதை என்னிடம் சொன்னபோது சிரித்தார். நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி சிரித்தார். நான் வெளியே போய் நின்றேன்.

இனி அலுவலகம். நீ இப்போது பிரிவுத் தலைவர், வாழ்த்துகள். உன் கையெழுத்தோடு இந்த வருட மேய்ச்சல் பட்டியல் நேற்று வந்துவிட்டது. போன வருடம் போலவே, சரிபார்க்கப்பட்டது, ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது என்ற குறிப்போடு. போன வருடத்தைவிட நீளம். பக்கமும் அதிகம்.

நான் இன்னும் திறக்கவில்லை.

தெப்தெரில் திறந்தால் எங்கே சரியும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பெயருக்குக் கீழே எந்தப் பெயர் இருக்கிறது என்றும் தெரியும். இரண்டாம் பக்கத்தின் தலையில் போன வருடக் கைம்பெண். அவளுக்குக் கீழே அடுத்த பெயர் எசென்குல்லின் மச்சான். நான் முத்திரை குத்தினால் சிலர் சீட்டை மடித்து வைத்துவிட்டுத் தங்கள் இடத்துக்குப் போவார்கள், ஒருவர் மட்டும் சட்டத்தை மதிப்பார். அவர் யார் என்று நீயும் சொல்வாய், நானும் சொல்வேன்.

பழைய கணினியில் காலெம் இன்னும் இருக்கிறது, அதில் திறந்தால் எல்லோருக்கும் அவரவர் மலை. ஆனால் கடும் கண்டனம் வாங்கியவள் அனுமதி இல்லாத செயலியைத் தொட்டால் அன்றைக்கே வெளியே. எனக்குப் பதிலாக எசென்குல்லின் மருமகள் வருவாள். கணினி பழக இப்போதே மாவட்டத்துக்குப் போய்வருகிறாள். அவள் தெப்தெரில் திறப்பாள்.

ஆகவே தேர்ந்தெடுப்பது உன் வேலை. ஒருமுறை தேர்ந்தெடுத்தவன் நீதானே. அந்த அறையில் உனக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள், உன்னால் முடியவில்லை. இப்போது அந்த அறையின் தலைவர் நாற்காலியில் நீ இருக்கிறாய். எந்தச் செயலியில் திறந்து அச்சிட வேண்டும் என்று ஒரே வரி. உன் பெயர், உன் கையெழுத்து. போனில் வேண்டாம். பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் வேண்டாம். காகிதத்தில்.

ஷாமில் அண்ணன் சனிக்கிழமை திரும்புகிறார். நீ எழுதும் வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

துமார்


சாரி-பெல்
மே 3

கனிபெக்,

ஷாமில் அண்ணன் வந்துவிட்டார். உறையை உன் கையில்தான் கொடுத்தாராம். காருக்குள் உட்கார்ந்து முழுக்கப் படித்தாயாம். மாமாவுக்குக் குழந்தையின் படம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறாய், மாமி அதைச் சுவரில் ஒட்டிவிட்டாள். எனக்குக் கடிதம் ஒன்றும் இல்லை என்றார்.

எசென்குல் காலையில் அலுவலகத்துக்கு வந்தார், இனிப்பு கொண்டுவந்தார், சீட்டு எப்போது தயாராகும் என்று கேட்டார். கைம்பெண் வாசலில் நிற்கிறாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கிராமத் தலைவர் முத்திரையை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு கணினியையும் போட்டிருக்கிறேன்.

எதில் திறக்க? எழுது.